ஆறாவது கம்பியும் பால் காய்ச்சும் நேரமும்

புது வீட்டுக்கு ஒரே ஒரு கித்தார்தான் வரலாம் என்று அம்மா சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், குரலை உயர்த்தவில்லை. எங்கள் வீட்டில் குரல் உயராமல் சொல்லப்படுபவற்றுக்கு மறுபேச்சு கிடையாது.

அப்போது அப்பாவிடம் மூன்று கித்தார்கள் இருந்தன. ஒன்று கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. ஒன்று அலமாரியின் தலைமேல் சாய்ந்திருந்தது. மூன்றாவது, அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே, கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மேல்மாடியில், இரண்டு அறைகளில் நாங்கள் மூவரும் அவை மூன்றும் வசித்தோம். குவீன்ஸ்டவுனில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்திருந்தது. தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே பால் காய்ச்சுவதென்று நேரம் குறித்தாயிற்று. இடையில் ஐந்து வாரங்கள் இருந்தன.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார் அம்மா. "ஒடஞ்சது எதுவும் புது வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. பால் காய்ச்சுற அன்னிக்கு நாம கொண்டு போற சாமான் எல்லாம் முழுசா இருக்கணும்."

இது அம்மா புதிதாக இயற்றிய விதியன்று. விளிம்பு சிதைந்த கோப்பை, கீறல் விழுந்த கண்ணாடி, காது போன வாணலி ஆகியவற்றைப் புதுமனை புகுவிழாவுக்கு எடுத்துச் செல்லாத வழக்கம் எங்கள் உறவினர் எல்லாரிடமும் உண்டு. அம்மா அதை மிகுந்த கண்டிப்போடு கடைப்பிடித்தார். அன்றிலிருந்தே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, போவது ஒரு பக்கம், போகாதது ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கத் தொடங்கினார்.

அப்பா உடனே சம்மதித்தார். அவ்வளவு விரைவாக அவர் சம்மதித்தது எனக்குச் சற்று ஐயத்தைத் தந்தது.

அப்பா துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. நாற்பத்தொன்பது வயதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டறியாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை விளக்கு ஒன்று வாங்குவதற்காகச் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தைக்குப் போனவர், கம்பிகள் அறுந்த கித்தார் ஒன்றோடு திரும்பினார். விளக்கு என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, "இதைப் பாரு, உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. ஆனா தட்டினா பேசுது," என்று பதில் சொன்னார். அதன்பின் மூன்று ஆண்டுகள் அவருடைய மாலைகள் உப்புத்தாளிலும் மெழுகிலும் கழிந்தன. பழையதை வாங்குவார்; பிரிந்ததை ஒட்டுவார்; வளைந்ததை நிமிர்த்துவார்; படங்கள் நிறைந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு விரல் பதிக்கப் பழகுவார். ஐம்பத்திரண்டு வயதில், அலுவலகத்திலிருந்து பேருந்தில் வரும்போதே இடக்கை விரல்கள் சட்டைப்பையின் மேல் ஏறி இறங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. வைத்திருந்த மூன்றும் எஃகுக் கம்பி பூட்டியவை. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல முயல்வார். இரண்டு முறை இழுத்ததும் விரல் நுனி சிவந்து கன்றிவிடும். "இது அகலக் கழுத்தும் மெத்துன்னு நைலான் கம்பியும் இருக்கிற பழைய கித்தார்ல வரும். அது கிடைக்கணும்," என்பார். அது கிடைக்கும் என்று அவர் நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்திருக்கும்.

அம்மா விதி சொன்ன மறு ஞாயிறு காலை, மழை விட்டிருந்த வேளையில், நானும் அப்பாவுடன் சுங்கை ரோட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே பழைய புத்தகங்கள் கிடைக்கும். அப்பாவுக்கு வழக்கமாகப் பொருள் தரும் பாய் தரையில் படுதா விரித்து, தையல் மிஷின் சக்கரங்களையும் கதவுப் பூட்டுகளையும் பரப்பியிருந்தார். ஓரத்தில் ஒரு சாக்கு, எதையோ மூடியிருந்தது. அப்பா குனிந்து சாக்கை விலக்கினார்.

சிறிய உடல், அகன்ற கழுத்து. கம்பிகளைத் தாங்கி நிற்க வேண்டிய சிறு கட்டை இல்லை. அது இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. வீணைக்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள். நாங்களும் வீட்டில் அப்படியே சொல்வோம். பின்பலகை வெடித்திருந்தது.

"அத எதுக்குத் தொடுறீங்க கிராணியாரே? அது செத்துப்போச்சு லா," என்றார் பாய். "செம்பவாங்ல ஊருக்குத் திரும்புற வெள்ளக்காரக் குடும்பம் ஒண்ணு சாமானோட சாமானாத் தள்ளிவிட்டுப் போனது. அடுப்பெரிக்கத் தாங்கன்னு காலையில ஒரு ஆள் கேட்டுட்டுப் போறான்."

"செத்தத எதுக்குப் பாய் மூடி வச்சிருக்கீங்க?"

"மழை."

"மழைக்கு மிஷின மூடல. பூட்ட மூடல. இத மட்டும் மூடியிருக்கீங்க."

பாய் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட வியாபாரம் பண்றது கஷ்டம்."

அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று நெடுகப் பார்த்தார். பிறகு பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவரைப்போல மேற்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். அந்தச் சந்தை இரைச்சலிலும் எனக்கு அது கேட்டது. வெறும் பலகையின் ஒலியாக அது இல்லை; குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்திருந்தது. அப்பா மீண்டும் தட்டவில்லை. கித்தாரை என் பக்கம் நீட்டி, "கை விட்டுப் பாரும்மா," என்றார்.

இது எங்களிடையே இருந்த ஏற்பாடு. அப்பாவின் கை ஒலித்துளைக்குள் போகாது. என் கை மணிக்கட்டுக்கு மேலும் போகும். உள்ளிருப்பதை நான் தொட்டுச் சொல்ல, அவர் அதை அலுவலகத் தாளின் பின்பக்கம் வரைந்துகொள்வார். ஏறத்தாழச் சொன்னால் அவருக்குப் போதாது. எனக்கும் போதாது. ஒரு வரியில் எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று பார்க்கப் பழகியிருந்த எனக்கு, இருட்டில் எந்தச் சட்டம் எதைப் பற்றியிருக்கிறது என்று பார்ப்பது அயலான வேலையாகத் தோன்றவில்லை.

"மேற்பலகையின் அடியில் ஏழு விலாக்கள்," என்றேன். "விசிறிக் குச்சிகளைப்போல விரிந்திருக்கின்றன. இடமிருந்து இரண்டாவதும் மூன்றாவதும் முழுதாகப் பிரிந்துவிட்டன. ஐந்தாவதன் கீழ்முனை மட்டும் தூக்கியிருக்கிறது. பின்பலகை வெடிப்பு என் நடுவிரல் நீளம். நகம் நுழைகிறது, விரல் நுழையவில்லை."

பாய் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதா?"

"இல்ல பாய். இலக்கியம்."

"இலக்கியத்துல இதெல்லாமா சொல்லித் தராங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவின் காதுகள் சிவந்திருந்தன. அது அவர் மகிழ்ச்சியின் அடையாளம்.

அந்த ஆண்டுகளில் ஊரெங்கும் இளைஞர்கள் கித்தார் வாத்தியக் குழுக்கள் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். வாசிக்கும் நிலையிலுள்ள எஃகுக் கம்பிக் கித்தார் எது வந்தாலும் பாயிடம் ஒரு வாரம் தங்காது. ஆகவே அவர் பண்டமாற்றுக் கேட்டார். அப்பாவிடம் இருக்கும் மூன்றில் எவையேனும் இரண்டைக் கொடுத்து இதைக் கொண்டுபோகலாம். அப்பா யோசித்தார். எந்த இரண்டு? கட்டிலடியில் இருப்பதா? அது முதன்முதலில் வாங்கியது. அலமாரி மேலிருப்பதா? அதற்குக் கழுத்து நிமிர்த்த நான்கு மாதம் ஆயிற்று. மூன்றாவதா?

"மூணையும் எடுத்துக்குங்க," என்றார் அப்பா.

"நான் கேட்டது ரெண்டு."

"தெரியும் பாய். எனக்குப் பொறுக்கிப் பாக்க முடியல. எப்படியும் புது வீட்டுக்கு ஒண்ணுதான் போகப் போகுது. அது இதுவா இருக்கட்டும்."

திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அப்பா மூன்று ஆண்டு உழைப்பை, ஒலிக்காத ஒரு கட்டைக்காகக் கொடுத்துவிட்டார். அது தை வியாழன் காலைக்குள் ஒலிக்காவிட்டால் உடைந்த பொருள். உடைந்த பொருள் வாசற்படி தாண்டாது. புது வீட்டில் அப்பாவுக்குக் கித்தாரே இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தும், அச்சத்தைவிட ஒருவகை உற்சாகமே மேலோங்கியிருந்தது. நான் வாங்க நினைத்திருந்த புத்தகத்தை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது தேக்கா அங்காடியைக் கடந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா கித்தாரைச் சுற்றி வந்து பார்த்தார். "மூணக் குடுத்து ஒண்ணா?" என்றார். பிறகு, "சரி. ஒண்ணுதான்னு சொன்னேன், ஒண்ணுதான் இருக்கு. ஆனா ஒடஞ்சது. அத மறந்துடாதீங்க," என்றார்.

பின்பலகையின் வெடிப்பையும் பிரிந்த விலாக்களையும் ஒட்ட வேண்டும். புதுக் குதிரை செய்து பதிக்க வேண்டும். அப்பாவின் அலுவலகத்தில் கோடு போடப் பயன்பட்ட கருங்காலி உருளை ஒன்று ஓரம் சிதைந்து கழிக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து, நான்கு மாலைகள் செதுக்கிச் செதுக்கிக் குதிரையாக்கினார். அம்மாகூட அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "மழமழன்னு இருக்கு," என்றார். தடை பசையில் வந்தது.

ஆங்கிலப் புத்தகத்தில் இருந்ததை அப்பா சோற்றைப் பிசைந்தபடி எங்களுக்குத் தமிழில் சொன்னார். இதற்கு உகந்தது வச்சிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. கட்டியாகக் கிடைக்கும். ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, அடுப்பில் மெல்ல உருக்க வேண்டும்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த அடுப்புல?"

அப்பா பிசைந்த சோற்றையே மீண்டும் பிசைந்தார். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாத அடுப்பு அது. இங்கேதான் நான் தேவையில்லாமல் வாய் திறந்தேன். பழம்பாட்டுகளில் வரும் யாழுக்கும் பத்தர் என்னும் வயிற்றின் மேல் தோலைத்தான் போர்த்தினார்கள்; மிருதங்கத்தின் முகமும் தோல்தானே; கோயிலுக்குள்ளேயே அது முழங்குகிறதே என்றேன்.

"முழங்கட்டும்," என்றார் அம்மா. "மிருதங்கத்த யாரும் என் ரசச் சட்டிக்குப் பக்கத்துல வச்சு வேக வைக்கல."

ஆனால் அம்மா எழுந்து போகவில்லை. தானே ஒரு வழியையும் சொன்னார். கொலுப் பொம்மைகளுக்குக் கை கால் போனால் அவர் புளியங்கொட்டைப் பசையால்தான் ஒட்டுவார். ஒட்டிய இடம் தெரியாது. பத்து ஆண்டானாலும் விடாது. கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்ச வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுதும் அம்மா அதைச் செய்தார். பசை கண்ணாடிபோல் தெளிந்து, இழை இழையாக வந்தது. அப்பா விரல்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்த்து, "புத்தகம் எழுதினவனுக்கு இது தெரியாது," என்றார்.

விலாக்களை நான் உள்ளே கைவிட்டு ஒட்டினேன். வெடிப்பின் குறுக்கே, தீக்குச்சிப் பெட்டியின் சில்லளவு மரத்துண்டுகள் ஐந்தைப் பதித்தேன். குதிரையை அப்பா பதித்து, மேலே அம்மிக் குழவியைத் துணி சுற்றி வைத்தார். ஒரு வாரம் குழவி நகரவில்லை. அந்த வாரம் எங்களுக்குத் துவையலும் இல்லை.

மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஞாயிறு பிற்பகல். பால் காய்ச்ச இன்னும் பதினோரு நாள்கள். அப்பா நைலான் கம்பிகளை மெல்லியதிலிருந்து தொடங்கிப் பூட்டினார். சுருதிக்குழலை ஊதி, முறுக்காணியைத் திருப்பி, ஒவ்வொன்றாக மேலேற்றினார். முதல் கம்பி ஒலித்தபோது, நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கம் எதுவென்பதே மறந்துபோயிற்று. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தும் சேர்ந்து ஒலித்தபோது அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினார். ஆறாவது, தடித்த கம்பி. அப்பா முறுக்காணியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னும் கால் சுற்று.

வெடிபோல ஓர் ஒலி. குதிரை மேற்பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு, கம்பிகளை இழுத்தபடி எகிறியது; பின் முடிச்சுகளிலிருந்து நழுவி, அறையைக் கடந்து பறந்து, அம்மாவின் முறத்தில் அரிசிக்குள் புதைந்தது.

அம்மா அரிசிக்குள் விரல் விட்டுக் குதிரையை எடுத்து, அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். பசை ஈரம் கோத்து, மாவாகக் கரைந்திருந்தது. அப்பாவைக் கடிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"என் பசை பொம்மைக்குத்தான்," என்றார் மெதுவாக. "பொம்மை இப்படி இழுக்கறதில்லையே."

அப்பா, "மழைக்காலம், அதான்," என்றார்.

"எனக்குச் சமாதானம் சொல்ல வேணாம். நான் பண்ணது நிக்கல." அம்மாவின் முகத்தில் இருந்தது வருத்தமா, சினமா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. அவர் செய்த எதுவும் அதுவரை கரைந்ததில்லை.

மறுநாள் காலை அப்பா அலுவலகம் போன பிறகு, அம்மா கித்தாரைப் பழைய வேட்டியில் சுற்றி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார். "நீயும் வா. உன் கை வேணும்," என்றார். சந்தின் கோடியில், ஐந்தடி நடைபாதையில், ஒரு சீனத் தச்சர் நாற்காலிகள் செய்வார். அவருடைய கரியடுப்பின் மேல் எப்போதும் ஒரு பசைப் பானை இருக்கும். அதன் நாற்றத்துக்காகவே அம்மா அந்த வழியாகப் போகும்போது எதிர்ப்புறம் கடந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடப்பார். இன்று நேராக அந்த அடுப்பின் முன்னால் போய் நின்றார். முந்தானை தோளிலேயே இருந்தது.

"தவுக்கே," என்றார், முதலாளி என்ற பொருளில். பிறகு தமக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு மலாய்ச் சொற்களையும் கைகளையும் கொண்டு நடந்ததைச் சொன்னார். தச்சர் குதிரையை வாங்கி, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி முகர்ந்தார். நாக்கு நுனியிலும் வைத்தார்.

"மாக்கானா?" என்று கேட்டார். சாப்பாடா என்று பொருள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் மூவரும் சிரித்தோம். தச்சர் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோலக் கித்தாரின் துளைக்குள் பசையை ஊட்டிக் காட்ட, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிண்டலப் பாரு இந்த மனுஷனுக்கு," என்றார்.

பிறகு தச்சர் வேலையில் இறங்கினார். பழைய பசை முழுவதையும் வெந்நீர்த் துணியால் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. உள்ளே நான் துடைத்தேன். அந்த ஈரம் உலர ஒரு நாள். மறுநாள் மீண்டும் போனோம். வச்சிரம் சூடாக இருக்கும்போதே பற்றும், ஆறினால் பற்றாது. அவருடைய கை உள்ளே போகாது. ஆகவே நான்தான் செய்ய வேண்டும். அவர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டி, முப்பது வரை விரல் மடக்கினார். அவ்வளவுதான் அவகாசம்.

சூடான பசையைத் தொட்ட தூரிகையோடு என் கை இருட்டுக்குள் போனது. அவர் தம் மொழியில் எண்ணத் தொடங்கினார். இரண்டாவது விலா. அழுத்து. மூன்றாவது. அவருடைய எண்கள் எனக்குப் புரியவில்லை. அவற்றின் வேகம் புரிந்தது. விரல் சுட்டது. ஐந்தாவதன் கீழ்முனை எங்கே? ஒரு கணம் எனக்கு இடமும் வலமும் குழம்பின; பின்னர் ஓரத்திலிருந்து எண்ணி, தொட்டு, கண்டேன். அழுத்தினேன். தச்சரின் குரல் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "பொலே!" என்று தொடையைத் தட்டினார். முடியும் என்பதற்கு அந்த ஊரில் எல்லாரும் சொல்லும் சொல் அது. ஐந்து மரத்துண்டுகளுக்கும் அதுபோல ஐந்து முறை. முடிந்தபோது நடைபாதையில் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு நாளாயிருந்தால் எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகியிருக்கும்.

குதிரையை அவரே பதித்து, இறுக்கிகளால் பிணித்தார். மழைக்காலம் என்பதால் ஒரு வாரம் தொடக்கூடாது என்றார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். புதன்கிழமை மாலை கிடைக்கும். வியாழக்கிழமை காலை பால்.

வீட்டு வாசலில் அம்மா என்னை நிறுத்தினார். "கைய எங்கயும் வைக்காத. நேராப் போயித் தலைக்குக் குளி."

"அப்படின்னா அதே பசை போட்ட கித்தார், அம்மா?"

"அதுல இருக்கிற பசை இருக்கட்டும். நான் அடுப்பத்தானே சொன்னேன்?"

புதன்கிழமை மாலை அப்பா கம்பிகளைப் பூட்டினார். ஆனால் முழுச் சுருதிக்கு ஏற்றவில்லை. பாதி இழுப்பில் இரவைக் கழிக்க வேண்டும், காலையில்தான் முழுதும் ஏற்ற வேண்டும் என்று தச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். வாசற்படி விதியைத் தளர்த்தவில்லை. அப்பாவும் தளர்த்தச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விடியலில் லாரி வந்தது. நான் முன்னிருக்கையில், வேட்டி சுற்றிய கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குவீன்ஸ்டவுனில் ஐந்தாம் மாடி. நீண்ட நடைவழி, சுண்ணாம்பு வாசனை, எல்லாக் கதவுகளும் ஒரே நிறம். அம்மா விளக்கையும் அரிசியையும் உப்பையும் மஞ்சளையும் ஏந்தி, வலக்காலை முன்வைத்து உள்ளே போனார். நாங்கள் இருவரும் வாசற்படிக்கு வெளியே நின்றோம்.

"ஏழு ஆச்சு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஏழரை வரைக்கும்தான்."

உட்கார ஒன்றும் இல்லை. "நீ அணைச்சுப் பிடிச்சுக்க," என்றார் அப்பா. நான் கித்தாரின் முதுகை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அவர் சுருதிக்குழலைப் பல்லில் கடித்துக்கொண்டு முறுக்காணியைத் திருப்பினார். முதல் கம்பி. அதன் அதிர்வு பலகை வழியாக என் விலாவுக்குள் இறங்கியது. காதில் கேட்பதற்கு முன்பே உடம்பில் கேட்டது. இரண்டாவது. எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது. மாடிப்படியில் வாளியோடு ஏறிவந்த சீனக் கிழவர் வாளியை வைத்துவிட்டு நின்றார். நான்கு. ஐந்து.

"ஏங்க, பாலை ஊத்தட்டுமா?"

"கொஞ்சம் பொறு."

"ஏழு இருபது!"

அப்பா ஆறாவது முறுக்காணியில் கை வைத்தார். "உள்ள என்னம்மா சொல்லுது?" என்று மிக மெதுவாகக் கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அப்படியே இருக்கிறது அப்பா. உதறல் இல்லை."

ஒரு சுற்று. கால் சுற்று. சென்ற முறை இந்த இடத்தில்தான். இன்னும் கால் சுற்று. பலகை இறுகுவதை என் தோள் உணர்ந்தது. குழலின் ஒலியும் கம்பியின் ஒலியும் நெருங்கின, ஒன்றையொன்று உரசின, பின்பு உரசல் நின்றது. அப்பா குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கட்டைவிரலால் ஆறு கம்பிகளையும் ஒருசேர வருடினார்.

நான் அதுவரை அப்படியொன்றைக் கேட்டதில்லை. குதிரை அசையவில்லை. அப்பா மூன்றாம் கம்பியை கழுத்தில் குறுக்கே பதித்த ஒரு மெட்டின் மேல் அழுத்தி, பக்கவாட்டில் இழுத்தார். சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று, நின்றது, வளைந்து இறங்கியது. அவர் தம் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தார். கன்றவில்லை.

"இன்னொரு தடவை அடிங்கப்பா!" என்று கத்தினேன். அது என் குரல்தான் என்பது நடைவழியின் மறுகோடி வரை அது போய்த் திரும்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மலாய்ப் பெண்மணி கைதட்டினார்.

அம்மா வாசற்படிக்குள் நின்று எங்களைப் பார்த்தார்; பிறகு குதிரையைப் பார்த்தார். குனிந்து, அதன் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் நுழையவில்லை.

"முழுசாத்தான் இருக்கு," என்றார். "வலது காலை வச்சு வா. ஏங்க, நீங்களும் வாங்க. உள்ள வந்து அடிங்க, பாலை வச்சாச்சு."